மூடியைக் கழற்றாமல் ஜப்பானிய ஹம்பக்கரை அடையாளம் காண்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் பழைய ஜப்பானியக் கிட்டார் ஒன்று நம் கைக்கு வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்திறங்கும் பழைய பொருள்களை விற்கும் பண்டல் கடை ஒன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் வாசித்து, பிறகு அலமாரியின் மேல் கிட்டாரைப் படுக்க வைத்துவிட்ட முன்னாள் இசைக்குழுக்காரரின் வீடு மற்றொன்று. இரண்டு இடங்களிலும் 'ஜப்பான் சாமான்' என்ற ஒரு சொல்லே விலையை ஏற்றிவிடுகிறது. ஆனால் கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கி, கிட்டாரின் குரலைப் பெருமளவு தீர்மானிக்கும் பிக்கப் எது, அதை யார் செய்தார்கள், வேறொன்றோடு ஒப்பிட்டால் அது எப்படி நிற்கிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அவற்றை நாமே கண்டறிய ஒரு திருப்புளி, ஒரு மல்டிமீட்டர், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மலிவான திசைகாட்டி ஆகிய மூன்றும் போதும். இங்கே பேசப்போவது, இரைச்சலை நீக்க இரண்டு சுருள்களைச் சேர்த்துச் செய்த ஹம்பக்கர் என்ற பிக்கப் வகையைப் பற்றி.

கிட்டாரின் தலையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு பிக்கப்பை முடிவு செய்யக் கூடாது. நாகானோ மாநிலத்து மாட்சுமோட்டோ நகரில் 1960இல் தொடங்கிய புஜிகென் தொழிற்சாலை, ஹோஷினோ நிறுவனத்திற்காக இபனேஸ் கிட்டார்களையும் காண்டா ஷோக்காய் நிறுவனத்திற்காக கிரெக்கோ கிட்டார்களையும் ஒரே கூரையின் கீழ் செய்தது. இரண்டிற்கும் பிக்கப் வழங்கியது மாக்சன் என்ற பெயரில் விற்கும் நிஷின் ஓன்பா. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்கிரீமர் பெடலைச் செய்ததும் இதே நிறுவனம்தான் என்றால் பலருக்கு உடனே விளங்கும். ஆகவே இபனேஸில் சூப்பர் 70 என்ற பெயரோடு வருவதும் கிரெக்கோவில் யு-1000 என்ற பெயரோடு வருவதும் ஒரே பட்டறையின் பிள்ளைகள். அதே வட்டாரத்தில் இருந்த மாட்சுமோக்கு தொழிற்சாலை ஏரியா புரோ 2, வெஸ்டோன் முதலிய பெயர்களில் கிட்டார் செய்து 1987இல் மூடப்பட்டது. அதன் பிக்கப்புகள் சிலவற்றின் அடியில் எம்எம்கே என்ற எழுத்துகளையும் ஓர் எண்ணையும் காணலாம். டோக்காயும் யமஹாவும் ஹமாமட்சு நகரைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தனி வழி உண்டு.

ஒட்டுத்தாளை நம்புவதும் அப்படித்தான். சேத் லவர் கிப்சன் நிறுவனத்தில் வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று பொருள்படும் சிறு ஒட்டுத்தாள் இருந்தது. அந்த வாசகத்தின் முதலெழுத்துகளே பிஏஎஃப் என்ற பெயராயின. காப்புரிமை 1959இல் கிடைத்தபின் அறுபதுகளில் ஒட்டிய தாளில் கிப்சன் அச்சிட்ட எண்ணோ ஹம்பக்கருக்கு உரியதே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெற்ற கம்பி தாங்கி ஒன்றின் காப்புரிமை எண். மூலப் பொருளின் தாளே இந்த அழகில் இருக்கும்போது, அதைப் பார்த்துச் செய்த பிக்கப்பின் தாளுக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எனக்கு இந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பொருள் கடையில், எழுபதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்த, கிப்சனின் லெஸ் பால் மாதிரி வடிவில் செய்த ஜப்பானியக் கிட்டார் ஒன்றைக் கண்டேன். "உள்ளே எல்லாம் அசல் சாமான், தம்பி" என்றார் கடைக்காரர். இரண்டு பளபளக்கும் மூடிகளும் அவற்றில் வரிசையாகத் திருகுகளும் இருந்ததால் நானும் பேரம் பேசாமல் கேட்ட வெள்ளியைக் கொடுத்தேன். வீட்டிற்கு வந்து ஒலிபெருக்கியில் மாட்டியதும் குழல்விளக்கின் இரைச்சல் அப்படியே வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒற்றைச் சுருள் மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அக்காலத்து மலிவான ஜப்பானியக் கிட்டார்கள் பலவற்றில் ஹம்பக்கர் அளவு மூடிக்குள் ஒற்றைச் சுருள் வைப்பது வழக்கம் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

இந்த ஏமாற்றத்தைக் கடையிலேயே தவிர்க்கத் திசைகாட்டி உதவும். உண்மையான ஹம்பக்கரில் ஒரே காந்தத்தின் இரு பக்கங்களையும் இரண்டு சுருள்களின் துருவங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒரு வரிசை வடக்காகவும் மற்றொரு வரிசை தெற்காகவும் இருக்கும். கம்பிகளுக்கு இடையே திசைகாட்டியைப் பிடித்து ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு மெல்ல நகர்த்தினால் முள் தெளிவாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஐயப்படுங்கள். இதற்குக் கைப்பேசியைப் பயன்படுத்தாதீர்கள். அருகிலுள்ள காந்தம் அதன் உணரியைக் குழப்பிவிடும்.

வாங்கியபின், அல்லது விற்பவர் இசைந்தால் வாங்குமுன்பே, பிக்கப்பைச் சட்டத்தோடு வெளியே எடுத்து அடித்தகட்டைப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. கம்பிகளைத் தளர்த்தி, சட்டத்தின் நான்கு மூலைத் திருகுகளை மட்டும் கழற்றினால் போதும். பிக்கப்பைத் தூக்கும்போது பின்னால் செல்லும் வடத்தை இழுக்காதீர்கள். மாக்சன் பிக்கப்புகளின் அடித்தகட்டில் பெரும்பாலும் பெயருக்குப் பதிலாக எண் முத்திரையையே காண்பீர்கள். அந்த எண்ணை உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மையில் குத்திய எண்கள் விரல் வியர்வையிலேயே அழிந்துவிடக்கூடும். கிட்டாரின் வரிசை எண்ணையும் அருகில் வைத்துப் பாருங்கள். எழுபதுகளின் பின்பாதி முதல் எண்பதுகளின் முற்பாதி வரையிலான இபனேஸ் கிட்டார்களில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். எச்79 என்று தொடங்கினால் அது 1979 ஆகஸ்ட். கிட்டாரின் வயதுக்குப் பொருந்தாத பிக்கப், பின்னால் மாற்றியதாக இருக்கலாம். அதற்கு அடுத்த சான்று ஈயப்பற்று. தொழிற்சாலைப் பற்று சிறியதாகவும் சீராகவும் காலத்தால் மங்கியும் இருக்கும், பிறகு வைத்தது குண்டாகவும் பளபளப்பாகவும் நிற்கும்.

தகட்டின் உலோகமும் பேசும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஊசியால் ஒரு சிறு கீறல் போட்டால் உள்ளே மஞ்சளாகத் தெரிவது பித்தளை, சாம்பல் நிறமாகவே இருப்பது நிக்கல் சில்வர். இரண்டையும் காந்தம் ஈர்க்காது. பித்தளையில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் சுழல் மின்னோட்டம் மிகுந்து உச்ச ஒலிகள் சற்று மழுங்கும், பித்தளை மூடியில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும். மூடியில்லாத பிக்கப்பில் காந்தத்தின் ஓரம் பக்கவாட்டில் தெரியும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் காந்தத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: அல்னிக்கோ காந்தம் உலோகம் என்பதால் மின்சாரம் கடந்து மீட்டர் ஒலிக்கும், செராமிக் காந்தம் ஒலிக்காது. மெழுகு படிந்திருந்தால் முதலில் மெல்லச் சுரண்டுங்கள். அல்னிக்கோவின் தர வகைகளில் 2 எது, 5 எது என்பதைக் கண்ணாலோ மீட்டராலோ சொல்ல முடியாது; சொல்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது மின்தடை. எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எல்லாரும் இதைத்தான் தவறாகவும் படிக்கிறார்கள். கிட்டாருக்குள் இருக்கும் நிலையிலேயே, ஒலிபெருக்கிக்குச் செல்லும் வடத்தின் மறுமுனையில் மீட்டரை வைத்து, வால்யூம் குமிழை முழுமையாகத் திறந்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து அளக்கலாம். அப்போது 500 கிலோ ஓம் வால்யூம் குமிழும் இணையாகச் சேர்வதால் 8.0 கிலோ ஓம் பிக்கப் 7.87 என்று காட்டும். குமிழைப் பாதியில் வைத்து அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

இதைவிடப் பெரிய பிழை நம் வெயிலில் இருக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். துத்தநாகக் கூரை போட்ட பின்கட்டில்தான் என் வேலை மேசை இருக்கிறது. ஒரு பிக்கப்பை விடியற்காலையில் 24 பாகையில் அளந்தபோது 8.10 கிலோ ஓம் காட்டியது. நண்பகல் கடந்து 35 பாகை ஆனபோது அதே பிக்கப் 8.45 காட்டியது. சுருளில் ஒரு சுற்றுகூடக் கூடவில்லை. குளிரூட்டிய கடையில் அளந்த எண்ணையும் நம் கூரைக்கடியில் அளந்த எண்ணையும் அருகருகே வைத்து 'இது கொஞ்சம் சூடான பிக்கப்', அதாவது அதிக சத்தம் தருவது, என்று தீர்ப்புச் சொல்பவர்கள், சொல்லளவில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் கிடக்க விட்டு, கையால் அதிகம் பிடிக்காமல், ஒரே மீட்டரால் அளவுங்கள்.

அப்படிச் சரியாக அளந்தாலும், சுருளில் சுற்றிய கம்பியின் தடிமன் ஒன்றாக இருந்தால்தான் மின்தடையை ஒப்பிட முடியும். பழைய வகை ஹம்பக்கர்களில் வழக்கமான 42ஆம் எண் கம்பியின் செம்பு 0.0635 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 44ஆம் எண் கம்பி 0.05 மில்லிமீட்டர்தான். மெல்லிய கம்பியில் குறைவாகச் சுற்றினாலும் மின்தடை உயர்ந்துவிடும், ஓசை அதே அளவு உயராது. அதனால் 14 கிலோ ஓம் பிக்கப் 7 கிலோ ஓம் பிக்கப்பைப் போல இருமடங்கு சத்தம் தரும் என்று எண்ணுவது தவறு.

மின்தூண்டல் அளக்கும் எல்சிஆர் மீட்டர் கிடைத்தால் அதுவே நல்ல அளவுகோல். மின்தூண்டலும், பிக்கப்புக்கும் வடத்துக்கும் உள்ள மின்தேக்கமும் சேர்ந்தே ஒலியின் உச்சம் எந்த அதிர்வெண்ணில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மொத்த மின்தேக்கம் 600 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 4.4 ஹென்றி பிக்கப்பின் உச்சம் ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸிலும் 8 ஹென்றி பிக்கப்பின் உச்சம் ஏறத்தாழ 2,300 ஹெர்ட்ஸிலும் வரும். முன்னது கணீரென்று ஒலிக்கும், பின்னது நடுக்குரலைத் தூக்கிப் பாடும். வடத்தை நீட்டினாலே உச்சம் இறங்கிவிடும் என்பதால் இரண்டு பிக்கப்புகளையும் ஒரே வடத்தில்தான் கேட்க வேண்டும்.

காதால் ஒப்பிடும்போது உயரமும் முக்கியம். கடைசிக் கட்டையில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பகுதிக்கும் துருவத் திருகுக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர் வருமாறு இரண்டையும் வையுங்கள். பிறகு சத்தத்தைச் சமமாக்கிய பின்பே குரலைப் பற்றிப் பேசுங்கள். சத்தமாக இருப்பதே நல்லது என்று காது எளிதில் ஏமாந்துவிடும். ஒலிபெருக்கியைச் சற்று உயர்த்தி, பிக்கப்பின் அருகே வாய்வைத்துப் பேசியும் பாருங்கள். உங்கள் குரல் கேட்டால் சுருள் மெழுகில் முக்கப்படாதது அல்லது மெழுகு தளர்ந்துவிட்டது. கிரெக்கோவின் டிரை இசட் போன்ற பிக்கப்புகள் மெழுகில்லாமலே செய்யப்பட்டவை, அவற்றில் இது குறையன்று. ஆனால் கோவில் திடலில் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு முன் நின்று வாசிப்பவருக்கு அவற்றின் ஊளை ஒரு தலைவலி.

மீட்டர் எதையும் காட்டாமல் திறந்த சுற்று என்றால், நம் ஈரக்காற்றும் வியர்வையும் முதல் ஐயத்துக்குரியவை. சுருளின் தொடக்க நுனி, வடத்தோடு சேரும் இடத்தில் பச்சை பூத்து அறுந்திருக்கும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குங்கள். தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பியை நான் ஒருமுறை திருப்புளி நுனியால் அறுத்திருக்கிறேன். உள்ளே 'டிக்' என்றுகூடக் கேட்கவில்லை, மீட்டர்தான் சொன்னது.

திரும்பப் பூட்டும்போது கழற்றிய திருகுகளையே போடுங்கள். ஜப்பானியத் துருவத் திருகுகள் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. கிப்சன் பிக்கப்புக்கென விற்கும் அமெரிக்கத் திருகு சற்றே தடித்தது, மரையும் வேறு. முதல் இரண்டு சுற்று பொருந்துவதுபோல் இறங்கி, மூன்றாவதில் அடித்தகட்டின் மரையைத் தின்றுவிடும்.