பழைய தொழிற்சங்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? கணக்கிடும் முறை

ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கையை மேடைப் பேச்சிலிருந்தோ பத்திரிகைச் செய்தியிலிருந்தோ எடுக்காதீர்கள். பிரிட்டனில் 1834இல் தோன்றிய 'கிராண்ட் நேஷனல் கன்சாலிடேட்டட் டிரேட்ஸ் யூனியன்' தன்னிடம் ஐந்து லட்சம் பேர் இருப்பதாகச் சொன்னது. சந்தா கட்டியவர்கள் ஏறத்தாழ 16,000 பேர்தான் என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் கணக்கு. ஆகவே பணத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் சங்கத்தின் விதிப்புத்தகத்தைத் தேடிப்பிடியுங்கள். சந்தா எவ்வளவு, வாரத்துக்கா மாதத்துக்கா, எத்தனை வாரம் கட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும், வேலையிழந்தவருக்கும் நோயாளிக்கும் விலக்கு உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஆண்டின் வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். அதில் சந்தா வரவை மட்டும் எடுக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், அபராதம், வட்டி, வேலைநிறுத்தத்துக்காகத் திரட்டிய சிறப்பு வசூல் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். பலர் தவறுவது இந்தச் சிறப்பு வசூலில்தான். போராட்டம் நடந்த ஆண்டில் வரவு வீங்கியிருக்கும். கழிக்காமல் விட்டால் ஆட்கள் பெருகியதுபோலத் தோன்றும்.

1851இல் பிரிட்டனில் உருவான பொறிவினைஞர் சங்கத்தில் வாரச் சந்தா 1 ஷில்லிங் (அன்று 20 ஷில்லிங் சேர்ந்தது 1 பவுண்டு). ஆண்டுக்கு 52 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு 12 ஷில்லிங். ஒரு கிளையின் ஓராண்டுச் சந்தா வரவு 260 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அது 5,200 ஷில்லிங். 52ஆல் வகுத்தால் 100 பேர். இது ஆண்டுச் சராசரி, அதுவும் முழுச் சந்தா கட்டியவர்களின் சராசரி. நிலுவை வைத்தவர்களும் விலக்குப் பெற்றவர்களும் இதற்கு வெளியே இருப்பார்கள். எனவே கிடைத்த எண்ணைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வதே நேர்மை.

அடுத்து, யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். பொறிவினைஞர் சங்கம் தொழில் பழகிய ஆண்களுக்கானது. பெண்களுக்கு அதில் நெடுங்காலம் இடமில்லை. அமெரிக்காவில் 1869இல் பிலடெல்பியாவில் தோன்றிய 'நைட்ஸ் ஆஃப் லேபர்' பெண்களையும் கறுப்பினத் தொழிலாளர்களையும் சேர்த்தது. சீனத் தொழிலாளர்களைச் சேர்க்க மறுத்தது. இந்த இரண்டின் எண்களை அருகருகே வைத்து எது பெரிய சங்கம் என்று கேட்பதில் பொருளில்லை.

எந்த மாதத்து எண் என்பதையும் எழுதியே ஆக வேண்டும். நைட்ஸ் சங்கம் 1886இல் ஏழு லட்சம் பேரைத் தொட்டது. 1890க்குள் சுமார் ஒரு லட்சமாகச் சரிந்தது. இப்படி ஏறி இறங்கும் சங்கத்துக்கு '1880களில் இத்தனை பேர்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

பல சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்குக் கிளைகள் அனுப்பிய எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கட்டவேண்டியிருந்ததால் குறைத்துக் காட்டியவர்கள் உண்டு. மாநாட்டில் வாக்கு கூடும் என்று கூட்டிக் காட்டியவர்களும் உண்டு. ஒரே ஆள் உள்ளூர் சங்கத்திலும் தொழில்வாரிச் சங்கத்திலும் இருமுறை எண்ணப்பட்டிருக்கலாம்.

பெயர்ப் பட்டியலே கிடைக்காவிட்டால் அதனால் சங்கம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 1834இல் இங்கிலாந்தின் டால்படில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரை இரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக ஏழாண்டு நாடுகடத்தினார்கள். அந்தச் சூழலில் பட்டியல் எழுதி வைப்பதே ஆபத்து. இத்தகைய இடங்களில் நீதிமன்ற ஆவணங்களையும், சங்கத்தை உடைக்க முயன்ற முதலாளிகளின் கடிதங்களையும் தேடுங்கள்.

இந்தியாவுக்கு வரும்போது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்தான் எல்லைக்கோடு. ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், பதிவான சங்கம் ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்றும் அது விதித்தது. 1918 ஏப்ரல் 27இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் போன்றவற்றின் முதல் ஆண்டுகளுக்கு அத்தகைய படிவம் கிடையாது. சட்டத்துக்குப் பிந்தைய அரசு அட்டவணைகளிலும், பதிவான சங்கங்கள் எத்தனை, கணக்கு அனுப்பியவை எத்தனை என்ற இரண்டு எண்ணையும் சேர்த்தே படியுங்கள். ஓராண்டில் மொத்த உறுப்பினர் குறைந்திருந்தால், பெரிய சங்கம் ஒன்று படிவம் அனுப்பாமல் விட்டதுகூடக் காரணமாக இருக்கலாம்.