நாய்க்குக் கான்சர் என்றால் வீட்டில் என்ன செய்வது

எங்கள் றோசியின் கடைசி முலைக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. கிணற்றடியில் குளிப்பாட்டும்போது அம்மாவின் கையில் தட்டுப்பட்டது. உண்ணி கடித்த வீக்கமாக இருக்கும் என்று விட்டோம், இரண்டு மாதத்தில் தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் அப்படி விடாதீர்கள். கட்டியைக் கண்ட அன்றைக்கே ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கலண்டரில் திகதிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தாலோ, ஒரு மாதமாகியும் போகாவிட்டாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசியால் குத்தி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முலையில் என்றால் அந்த ஒரு மாதமும் வேண்டாம்.

என்ன கட்டி என்று தெரியமுன் அழத் தொடங்க வேண்டாம். ஒழுங்கைகளில் திரியும் நாய்களுக்கு ஒரு வகைக் கான்சர் வருகிறது: பிறப்புறுப்பில் பூக்கோவா மாதிரிச் சிவந்த தசை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம். பெட்டை நாய் என்றால் தீட்டு இன்னும் நிற்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். இணையும்போது ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்கு உயிருள்ள கலமாகவே தாவுகிற கான்சர் இது. பல ஆயிரம் வருசத்துக்கு முன் செத்துப்போன ஒரு நாயின் கலங்கள்தான் இன்றைக்கும் ஊர் ஊராகத் திரிகின்றன. பார்க்கப் பயங்கரம், ஆனால் பெரும்பாலும் சுகமாகிவிடும். வின்கிறிஸ்டின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒரு முறை நாளத்தில் ஏற்றுவார்கள், அநேகமாக 4 முதல் 6 கிழமை. நாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும், ஆகவே ஊசி போடத் தெரிந்த அயலவரிடம் கொடுக்கிற மருந்து இல்லை. ஊசி போட்டு இரண்டு மூன்று நாளைக்கு அதன் மூத்திரம், சத்தி, மலத்தை கையுறை போட்டுத்தான் துப்பரவாக்க வேண்டும், பிள்ளைத்தாச்சிகள் கிட்டப் போகவே கூடாது. ஒரு கிழமைக்குள் நாய் சோர்ந்து படுத்தால் காய்ச்சல் பாருங்கள். நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38 முதல் 39 பாகை வரை இருக்கும், 39.5க்கு மேல் போனால் அன்றைக்கே வைத்தியரிடம்.

றோசிக்கு வந்தது இது இல்லை, முலைக் கட்டி. நாய்களில் இதில் ஏறக்குறையப் பாதிதான் கெட்டது, பூனைக்கு வந்தால் அநேகமாகக் கெட்டதுதான். குட்டி போடாமல் இருக்க ஹோர்மோன் ஊசி போடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த ஊசி முலைக் கட்டிக்கு வழி வைக்கும் என்று பிறகுதான் தெரியும். வீட்டில் சின்னப் பெட்டைக் குட்டி நின்றால் ஊசியை விட்டுவிட்டுக் கருத்தடைச் சத்திரசிகிச்சையைச் செய்துவிடுங்கள்.

வெட்டி எடுக்கமுன் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள், கெட்ட கட்டி என்றால் நுரையீரலுக்கு ஓடக்கூடும். இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான், யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு ஏ9 வீதி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். எல்லா நாயும் அங்கே போகத் தேவையில்லை. போவதென்றால் வெயிலுக்குமுன் போய்ச் சேர இரவோடு வெளிக்கிடுங்கள்.

இனி வீட்டுவேலை. கட்டி உடைந்து புண்ணானால் எங்கள் வெக்கைக்கு முதல் எதிரி இலையான். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் முட்டை போட்டுவிடும், பிறகு புழு. அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிட்டு, காலையும் பின்னேரமும் அதால் கழுவுங்கள். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அவித்துக் காயவைத்தால் நல்ல ஒத்தடத் துணி. இளக்கமாகக் கட்டி, மேலே ஒரு பழைய பெனியனைப் போட்டு முன்னங்கால்களைக் கைக்குள்ளால் எடுத்துவிட்டால் நக்கவும் முடியாது, இலையானும் வராது. வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில் எதுவும் வேண்டாம். சொல்ல வருகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள், தலையை ஆட்டிவிட்டு விடுங்கள். படுக்கை குசினிப் பின்பக்கச் சீமெந்துத் தரையில், சாக்குக்கு மேல் துவாய் போட்டு. மத்தியானத்தில் காற்றாடிக்குக் கீழே.

நோவுக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு குளிசையே கொல்லும், நாய்க்கும் ஈரல் போகும். மனிதருக்குக் கொடுக்கும் டைக்ளோபெனாக், இபுபுறோபன் குடலைப் புண்ணாக்கி இரத்தம் போக வைக்கும். நாய் நோவுக்கு எப்போதும் கத்தாது: இருந்து எழும்ப யோசிக்கும், ஒரே இடத்தை நக்கும், இரவில் இடம் மாறி மாறிப் படுக்கும். இதைச் சொல்லி வைத்தியரிடம் மருந்து எழுதி வாங்குங்கள். முன்பு பிறெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்து கொடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அதோடு மற்ற நோவு மருந்துகள் பல சேராது. பிறெட்னிசொலோன் குடிக்கிற நாய் தண்ணீரும் நிறையக் குடிக்கும், வீட்டுக்குள் மூத்திரமும் பெய்யும். அதற்குப் பேசாதீர்கள், பாவம்.

சாப்பாடு என்றால் மீனை அவித்து முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, இளஞ்சூடாக. சூட்டில்தான் மணம் எழும்பும், ஆறிய சோற்றை மணந்துவிட்டுத் திரும்பிப் போன றோசி அதையே சூடாக்கி வைத்தால் சாப்பிட்டாள். வெங்காயம், உள்ளி போட்ட கறிச்சோறு வேண்டாம்.

நித்திரையில் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிசம் எண்ணுங்கள். 30க்குக் குறைவாக இருக்க வேண்டும், நாளுக்கு நாள் கூடினால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். றோசிக்கு வெட்டி ஒன்பது மாதம் கழித்து ஒரு இரவு 44 எண்ணினேன், பிழையாக்கும் என்று திரும்ப எண்ணினேன், 46.

அதற்குப் பிறகு கலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கூடாத நாளுக்கு ஒரு வெட்டு. நல்ல நாள் எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: றோசிக்கு, பாண்காரனின் சத்தத்துக்குப் படலைக்கு ஓடினால் நல்ல நாள். கிழமையில் வெட்டுகள் புள்ளிகளை மிஞ்சினால் நித்திரையாக்குகிற ஊசியைப் பற்றி வைத்தியரோடு பேச வேண்டிய நேரம். அம்மா மறுத்துவிட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அப்போது வளர்த்த நாயின் சங்கிலியை அவிழ்த்து விட்டுவிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்த சனம் நாங்கள், அந்த நாய் கொஞ்சத்தூரம் பின்னால் வந்ததை அவர் இன்னும் சொல்வார். அதனால் ஒரு கிழமை பிந்தித்தான் ஊசி போட்டோம். அந்தக் கிழமை றோசிக்குத் தேவையில்லாத கிழமை.

வளவுக்குள் தாட்பதென்றால் கிணற்றிலிருந்து எட்டத் தள்ளி இடம் பாருங்கள், நாங்கள் குடிப்பது அதே நிலத்தடித் தண்ணீரைத்தான். நித்திரையாக்குகிற ஊசி மருந்து உடம்பிலேயே நிற்கும், வேறு நாய் கிண்டிச் சாப்பிட்டால் அதுவும் சாகலாம், ஆகவே ஆழமாக வெட்டி மேலே பாரமான கல் வையுங்கள். எங்கள் பக்கத்தில் இரண்டடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டும், மண்வெட்டியோடு நின்று முழிக்காமல் அலவாங்கை முதல் நாளே இரவல் வாங்கி வையுங்கள்.