யூ.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதா? ஒரு குண்டு பல்பை எடுங்கள்

கரண்ட் போகிறது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்துகிறது. ஆனால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க." நானும் ஒருமுறை கேட்டு மாற்றினேன். மறுநாள் கரண்ட் போனது, கம்ப்யூட்டரும் கூடவே போனது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால், வீடு துடைத்தபோது இரண்டு கறுப்பு பவர் கார்டுகளும் (மின் ஒயர்கள்) மாறிப்போயிருந்தன. மானிட்டர் யூ.பி.எஸ்.ஸில், சி.பி.யூ. நேராகச் சுவர் பிளக்கில்!

அதனால் பர்ஸைத் திறக்கும் முன், பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுவோம். யூ.பி.எஸ்.ஸா, கம்ப்யூட்டரா, நடுவில் உள்ள ஒயரா?

ஓர் எச்சரிக்கை. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் யூ.பி.எஸ். ஆனில் இருந்தால் அதன் பின்பக்க துளைகளில் 230 வோல்ட் இருக்கும். சி.பி.யூ.வுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், கார்டைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கலாம்.

படி 1: ஒயரைக் கையால் தொடருங்கள்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு கார்டையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போங்கள். இரு முனைகளையும் அழுத்திச் செருகுங்கள். சில மாடல்களில் ஒரு துளைக்கு பேட்டரி இணைப்பே இருக்காது, அது சர்ஜ் (திடீரென வோல்ட்டேஜ் எகிறுவது) பாதுகாப்புக்கு மட்டும். லேசர் பிரிண்டர் யூ.பி.எஸ்.ஸில் இருந்தால் உடனே கழற்றுங்கள். அது சூடேறும் நொடியில் பல நூறு வாட்ஸ் இழுக்கும், சின்ன யூ.பி.எஸ். தாங்காது. பின்னால் ஒரு கறுப்புப் பொத்தான் வெளியே துருத்தியிருந்தால் ஓவர்லோடில் டிரிப் ஆகியிருக்கிறது. லோடைக் குறைத்துவிட்டு உள்ளே அழுத்துங்கள்.

படி 2: பல்பு சோதனை

யூ.பி.எஸ்.ஸை எட்டு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 100 வாட்ஸ் குண்டு பல்பு போட்ட டேபிள் லேம்ப்பைச் செருகுங்கள். 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு வேண்டாம். சாகக் கிடக்கும் பேட்டரிகூட அதை எரியவைத்து நம்மை ஏமாற்றிவிடும்.

இப்போது சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும்.

பல்பு உடனே அணைந்தால் பேட்டரியோ யூ.பி.எஸ். போர்டோ பழுது. எரிந்து, ஓரிரு நிமிடத்தில் பீப் வேகமாகி அணைந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. பத்து நிமிடம் சீராக எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், நேராக நான்காம் படிக்குப் போங்கள்.

படி 3: பேட்டரி

வீட்டு 600 வி.ஏ. (யூ.பி.எஸ்.ஸின் திறனைச் சொல்லும் அளவு) யூ.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் சீல்டு பேட்டரி ஒன்று இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அப்புறம் அதை வெளியே எடுங்கள். வயிறு உப்பியிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். ஆனால் சும்மா இருக்கும்போது கெட்ட பேட்டரியும் அதே எண்ணைக் காட்டலாம். வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். பைக் ஹெட்லைட்டின் 12 வோல்ட், 35 வாட்ஸ் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் இணைத்து அளந்துகொண்டே இருங்கள் (பல்பு கொதிக்கும், தொடாதீர்கள்). ஐந்து நிமிடம் கழித்தும் 12-க்குப் பக்கத்தில் நின்றால் தேறும். 11-க்குக் கீழே சரிந்தால் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம்.

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு, மூன்று வருடம் உழைத்தாலே பெரிது. புதியதை மாட்டும்போது சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மாறினால் ஃபியூஸ் போகும், சமயத்தில் போர்டும் போகும். மாட்டும் நொடியில் சின்னதாக ஒரு பொறி தெறிப்பது சகஜம்.

படி 4: பல்பு எரிகிறது, கம்ப்யூட்டர் அணைகிறது

முதலில் கணக்கு. 600 வி.ஏ. என்றால் 600 வாட்ஸ் இல்லை, பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். சாதாரண அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இது தாராளம். பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேம் ஓடும்போது போதாது.

கணக்கு சரியா? அப்படியானால் மாறும் நொடியைச் சந்தேகியுங்கள். பேட்டரிக்கு மாற யூ.பி.எஸ்.ஸுக்குச் சில மில்லி செகண்டுகள் பிடிக்கும். பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அந்த இடைவெளி நம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். முழு லோடிலும் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். கெப்பாசிட்டர் காய்ந்துபோன பழையது அதற்குள் கைவிட்டுவிடும். புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் வேறொரு சிக்கல்: ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) வகையில் சிலவற்றுக்கு, விலை குறைந்த யூ.பி.எஸ். பேட்டரியில் தரும் படிக்கட்டு போன்ற மின் அலை ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்கு, சுவர் மின்சாரம் போலவே வழுவழுப்பான அலை தரும் ப்யூர் சைன்வேவ் யூ.பி.எஸ். வேண்டும். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரை அதே யூ.பி.எஸ்.ஸில் போட்டுப் பாருங்கள். அது அணையாமல் இருந்தால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.தான் பிரச்சினை.

படி 5: சி.பி.யூ. பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறதா?

அது எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்குத்தான் அனுப்பும். போக வழியில்லாவிட்டால் அது பெட்டியிலேயே தங்கி, மீட்டரில் 115 வோல்ட் அளவுக்குக் காட்டும்.

மீட்டரை ஏ.சி. 600 அல்லது 750-இல் வைத்து சுவர் பிளக்கில் அளங்கள். மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட் வந்தால் சரி. ஃபேஸ்-எர்த் மிகக் குறைவாக வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வந்தவர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயர் இழுக்கப் பார்த்தால் விடாதீர்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட்டும் சி.பி.யூ. பெட்டிக்கே வந்துவிடும்.