சொல்லை மனம் இனங்காணும் விதம்: வீட்டில் சோதித்துப் பார்க்கும் முறை

எழுதிய சொல்லையும் பேசிய சொல்லையும் மனம் எவ்வாறு இனங்காண்கிறது என்பதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாக்கள், வெள்ளைத் தாள், ஒலிப்பதிவு வசதியுள்ள கைப்பேசி, பொறுமையுள்ள சில உறவினர்கள் ஆகியவை போதும். எதைச் சோதிக்கிறோம் என்பதை மட்டும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் இயல்பாகப் படிப்பதையும் கேட்பதையும் விட்டுவிட்டுத் தேர்வெழுதுபவரைப் போல விழிப்பாக இருப்பார்கள்.

முதலில் எழுத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்னும் சொற்களை மாற்றி மாற்றி ஒரு தாள் நிறைய எழுதுங்கள். ஆனால் எந்தச் சொல்லையும் அது குறிக்கும் நிறத்தில் எழுதாதீர்கள். (மஞ்சள் மை வெள்ளைத் தாளில் மங்கித் தெரியும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.) இன்னொரு தாளில் அதே நிறங்களில், அதே எண்ணிக்கையில் கட்டங்களைத் தீட்டுங்கள். எதிரில் இருப்பவர் இரண்டு தாள்களிலும் மையின் நிறத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சொற்கள் உள்ள தாளுக்குக் கூடுதல் நேரம் பிடிப்பதையும் இடையிடையே நாக்குத் தடுமாறுவதையும் காண்பீர்கள். 1935இல் உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையின் சாரம் இதுதான்: நன்றாகப் படிக்கப் பழகியவருக்கு, கண்ணில் பட்ட சொல்லைப் படிக்காமல் விடுவது எளிதில் இயலாது.

கன்னியாகுமரி மாவட்டத்தவர் இதில் மூன்றாவது தாள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லையோரமான விளவங்கோடு வட்டாரத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் உண்டு. அதே நிறப்பெயர்களை மலையாள எழுத்தில் எழுதிக் காட்டினால், அவ்வெழுத்தை அறியாதவருக்கு அவை வெறும் கோடுகளே ஆதலால் ஏறத்தாழ கட்டங்களைப் போலவே விரைந்து கடந்துவிடுவார். அறிந்தவரோ அங்கும் தடுமாறுவார். தடுமாற்றம் எழுத்தின் வடிவத்தால் வருவதன்று, மனத்தில் முன்னரே குடியிருக்கும் சொல்லால் வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

பேச்சின் நிலை வேறு. எழுதிய சொல் முழுதாகக் கண்முன் நிற்கிறது. பேசிய சொல் சிறிது சிறிதாகவே செவிக்கு வந்து சேர்கிறது. ஆனாலும் மனம் கடைசி ஒலி வரும்வரை காத்திருப்பதில்லை. முதல் ஒலிகள் கேட்டவுடனே அவற்றில் தொடங்கும் சொற்கள் பல எழுந்து, அடுத்தடுத்த ஒலி வர வர, பொருந்தாதவை உதிர்ந்துபோகின்றன என்பது மொழி உளவியலாளர் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் முன்வைத்த விளக்கம். இதைச் சோதிக்க குலசேகரம், குலசேகரன்புதூர், திருவட்டாறு, திருவிதாங்கோடு ஆகிய கன்னியாகுமரி மாவட்ட ஊர்ப்பெயர்களை இயல்பான வேகத்தில் பதிவுசெய்யுங்கள். ஒலிவெட்டும் செயலியில் ஒவ்வொரு பெயரையும் முதலில் ஒரு துணுக்காகவும், பிறகு சற்று நீளமாகவும், இப்படிப் படிப்படியாக வெட்டி ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் கேட்பவரின் ஊகத்தை எழுதிவாங்குங்கள். ‘திருவி’ என்றதும் திருவட்டாறு உதிர்ந்துவிடும். ‘குலசேகர’ வரையிலோ இரண்டு ஊர்களும் போட்டியில் இருக்கும். வேகமான பேச்சில் இறுதியிலுள்ள ம், ன் ஆகியவற்றின் வேறுபாடும் மங்கிவிடுவதால், ‘புதூர்’ தொடங்கிய பிறகே பலர் துணிந்து எழுதுவர். ‘குலசேகரத்துக்கு’ என்று நடத்துநர் கூவினால் அந்தச் சிக்கலே இல்லை, ‘கு’ என்னும் வேற்றுமை உருபுக்கு முன்வரும் ‘அத்து’ என்னும் சாரியை முடிவைச் சொல்லிவிடுகிறது. இனி அதே துணுக்கை, ‘திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில்’ என்ற தொடருக்குப் பின் ஒட்டி ஒலிக்கவிடுங்கள். அருவி குலசேகரத்துக்கு அருகில் இருப்பதால், ‘குல’ என்றதுமே குலசேகரம் என்று எழுதிவிடுபவர்களைக் காண்பீர்கள்.

ஒலியே இல்லாத இடத்திலும் மனம் ஒலியைக் கேட்கும். ‘வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன்’ என்பதைப் பதிவுசெய்து, ‘சே’யில் உள்ள சகர ஒலியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் உரத்த இருமல் ஒன்றைப் பொருத்துங்கள். உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970இல் ஆங்கிலச் சொல் ஒன்றில் இவ்வாறு செய்தபோது, கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றனர். இருமல் வெட்டிய இடத்தை முழுவதும் மூட வேண்டும். வெறும் மௌனமாக விட்டால் குறை உடனே தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. ‘பாட்டில்’ என்று எழுதினால், ‘பாடலில்’ என்னும் பொருளில் பகரம் வல்லொலியாகவும், கண்ணாடிப் புட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகக் கொண்டால் மெல்ல அதிர்ந்தும் ஒலிக்கும்; எழுத்து ஒன்றுதான். ஓர் அட்டையின் முன்பக்கத்தில் ‘அந்தப் பாட்டில்’ என்றும் பின்பக்கத்தில் ‘உடைந்துவிட்டது’ என்றும் எழுதுங்கள். இதற்கு முன் பாடல்களைப் பற்றிய சில வரிகளைப் படிக்கச் செய்து, பிறகு இந்த அட்டையை உரக்கப் படிக்கச் சொன்னால், ‘பாட்டில்’ என்பதன் பகரத்தை வல்லொலியாக உச்சரித்துவிட்டு, அட்டையைத் திருப்பியதும் பலர் திருத்திக்கொள்வர்.

தாள்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லையெனில் பழக்கத்தால் வரும் வேகம் கணக்கைக் குழப்பும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வண்ணத் தாளில் அவ்வளவாகத் தடுமாறாவிட்டால் சோதனை பிழைத்தது என்று எண்ண வேண்டாம். அந்த வயதில் சொல் தானாக மனத்தில் வந்து விழுவதில்லை. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரை அந்தச் சோதனையில் மட்டும் சேர்க்காதீர்கள்.