விபத்தில் தப்பிய வான்தபால் உறை: அசலா போலியா என்று பார்ப்பதும் பத்திரப்படுத்துவதும்

கருகிய ஓரமும் கறைபடிந்த முகவரியுமாக ஒரு பழைய உறை கையில் கிடைத்தால், முதலில் விலையைக் கேட்காதீர்கள். அது எந்த விமானத்தில், எந்த நாளில், எந்தத் திசையில் போனது என்று கேளுங்கள். 1918-க்கும் 1939-க்கும் இடையில் விழுந்த தபால் விமானங்களிலிருந்து மீட்ட கடிதங்களைச் சேகரிப்பவர்கள் விபத்து உறைகள் என்பார்கள். சேதம் மட்டும் எதையும் நிரூபிக்காது. மெழுகுவர்த்தி இருந்தால் யாரும் காகிதத்தைக் கருக்கிவிடலாம். சேதம், தேதி, திசை, அலுவலக முத்திரை ஆகிய நான்கும் ஒரே விபத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மாறிச் சொன்னாலும் உறையைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அடியிலிருந்து ஒளி வரும் பலகை, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு தடித்த அட்டை. கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் போதும். துணிக் கையுறை வேண்டாம். கருகிய ஓரம் அதன் நூலில் சிக்கி உதிரும்.

விமானம் எப்படி விழுந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கத் தபால் துறை அதிகம் ஓட்டியது டி ஹாவிலண்ட் டி.எச்.-4 விமானத்தை. தபாலுக்காக மாற்றியமைத்த வடிவத்தில் முன்னால் எஞ்சின், அதன் பின்னால் பெட்ரோல் டாங்கி, அடுத்துத் தபால் அறை, கடைசியில் விமானி. மூக்கு தரையில் மோதினால் டாங்கி நசுங்கி, பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் தெறிக்கும். தபால் அறை தீக்கு ஒட்டினாற்போல் இருந்ததால் பைகளின் முன்பக்கம்தான் முதலில் பிடிக்கும். 1920-இல் அதே துறை வாங்கிய ஜங்கர்ஸ் ஜே.எல்.-6 விமானங்களில் எரிபொருள் குழாய்கள் கசிந்து, அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று விமானி மாக்ஸ் மில்லர் அப்படித்தான் இறந்தார்.

எல்லா விபத்திலும் தீ உண்டு என்று நினைப்பதுதான் புதிதாக வாங்குபவர் செய்யும் பெரிய தவறு. செயின்ட் லூயிஸ் – சிகாகோ தடத்தில் தபால் ஓட்டிய சார்லஸ் லிண்ட்பெர்க் 1926 செப்டம்பர் 16 அன்றும் நவம்பர் 3 அன்றும் இரவில் பாராசூட்டில் குதித்தார். இரண்டு முறையும் கீழே தரை தெரியவில்லை, பெட்ரோலும் தீர்ந்துபோயிற்று. டாங்கி காலியாக இருந்ததால் விழுந்த விமானம் எரியவில்லை. அந்தத் தேதிகளைச் சொல்லி ஓரம் கருகிய உறையை யாராவது நீட்டினால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னும் மென்மையான விபத்துகளும் உண்டு. 1918 மே 15 அன்று அமெரிக்காவின் முறையான வான்தபால் தொடங்கியபோது, வாஷிங்டனிலிருந்து கிளம்பிய ஜார்ஜ் பாய்ல் தவறான ரயில் பாதையைப் பின்பற்றித் தெற்கே போய், மேரிலாந்தில் வால்டார்ஃப் அருகே இறங்கி விமானத்தை உடைத்துக்கொண்டார். கடிதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கிலாந்து – ஆஸ்திரேலியா முதல் சோதனைத் தபாலைச் சுமந்த 'சிட்டி ஆஃப் கெய்ரோ' 1931 ஏப்ரல் 19 அன்று திமோர் தீவில் கூப்பாங் அருகே விழுந்தது. ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் தன் விமானத்தில் போய் அந்தத் தபாலை எடுத்துவந்தார். ஆகவே துளிக் கறையும் இல்லாத உறைகூட விபத்து உறையாக இருக்கலாம். அங்கே சாட்சி சொல்வது தேதி முத்திரை மட்டுமே.

தீக்காயத்தைப் படிப்பது

தபால் பைக்குள் கடிதங்கள் கட்டுக்கட்டாக நெருக்கி இருக்கும். நடுவே காற்று புகாது. அதனால் வெப்பம் வெளி ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நகரும். அசல் உறையை லென்ஸில் பார்த்தால் கருப்பு, அடர்பழுப்பு, இளம்பழுப்பு, மஞ்சள் என்று நிறம் படிப்படியாக இறங்கும். ஒரு முழு ஓரமோ இரண்டு ஓரங்களோ ஒரே சீராகக் கருகியிருக்கும். லைட்டரால் கருக்கியதில் இந்தப் படிகள் இருக்காது. பிறை வடிவில் ஒரு கடி, அதைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் புகைக்கரி. அதற்கப்பால் காகிதம் வெள்ளையாகவே நிற்கும்.

உள்ளே கடிதம் இருந்து, அது ஏற்கெனவே திறந்து மடிப்பு தளர்ந்த நிலையில் இருந்தால், பழைய மடிப்பிலேயே வைத்து உறையோடு பொருத்திப் பாருங்கள். உறையின் கருகல் கோடும் கடிதத்தின் கருகல் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். உறை கருகி, கடிதம் துளிகூடப் பழுப்பேறாமல் இருந்தால் ஏதோ சரியில்லை. பிரித்தால் உடையும் நிலையில் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ஒருமுறை உதிர்ந்த கருகல் திரும்பி வராது.

அடுத்து இருப்பதுதான் மிக உறுதியான சோதனை. புறப்பட்ட ஊரின் தேதி முத்திரை தீக்கு முன்னால் குத்தியது. விபத்தால் தாமதம் என்று சொல்லும் ரப்பர் முத்திரை தீக்குப் பின்னால் குத்தியது. ஆகவே முதலாவது கருகலாம், பாதி எரிந்து போயிருக்கலாம். இரண்டாவதன் மை பழுப்பின்மேல் படிந்திருக்க வேண்டும். எரிந்த ஓரத்துக்கு வெளியே தொடர்வதுபோல் எழுத்து பாதியில் எரிந்து நிற்கக் கூடாது. விபத்து முத்திரையே கருகியிருக்கிறது என்றால், முத்திரை குத்திய பிறகு யாரோ தீ வைத்திருக்கிறார்கள். ஒன்றுமட்டும் கவனம்: முத்திரை குத்தியபின் விளிம்பு உதிர்ந்து எழுத்து உடைந்திருக்கலாம். அது எரிந்த விளிம்பல்ல, முறிந்த விளிம்பு. லென்ஸில் வித்தியாசம் தெரியும்.

கடல்நீர்

1935 டிசம்பர் 31 இரவு, 'சிட்டி ஆஃப் கார்ட்டூம்' என்ற, பிரிட்டிஷ் நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் நீர்விமானம் கிரீட்டிலிருந்து வந்து, அலெக்சாந்திரியா துறைமுகம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் மூன்று எஞ்சினும் நின்று கடலில் விழுந்தது. எரிபொருள் தீர்ந்துவிட்டது. இருந்த 13 பேரில் விமானி மட்டுமே பிழைத்தார். இப்படிப்பட்ட உறைகளைக் கையில் எடுக்கும்போது பின்னால் பன்னிரண்டு உயிர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் போலியை விற்பது வெறும் பண மோசடியாக நின்றுவிடுவதில்லை.

அந்தக் கால அஞ்சல்தலைப் பசை தண்ணீரில் கரையும். கடலில் ஊறிய உறையில் அஞ்சல்தலை இல்லாமல் இருப்பது இயல்பு. அது இருந்த இடம் சற்றே வெளுத்த செவ்வகமாகத் தெரியும். தேதி முத்திரையின் வட்டம் அந்தச் செவ்வகத்தின் விளிம்பில் வெட்டியதுபோல் நின்றுவிடும், ஏனென்றால் மீதி வட்டம் அஞ்சல்தலையோடு போய்விட்டது. வட்டம் காலியிடத்துக்குள்ளும் உடையாமல் ஓடினால், அஞ்சல்தலை இல்லாத உறையில் முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

மையையும் கவனியுங்கள். இரும்பு கலந்த பழைய கருநீல மை தண்ணீரில் பெரும்பாலும் நிற்கும், காலத்தில் பழுப்பாகும். சாய மை ஓடிப் பரவும். அழியாப் பென்சில் நனைந்தால் ஊதா நிறத்தில் பூக்கும். தட்டச்சு அநேகமாக அப்படியே இருக்கும். தபால் நிலையத் தேதி முத்திரையின் மை எண்ணெய் கலந்தது, எளிதில் ஓடாது. முகவரி தெளிவாக நின்று, தேதி முத்திரை மட்டும் கரைந்து வழிந்திருந்தால், அது கணினி அச்சில் வந்ததாக இருக்கலாம். லென்ஸில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

நனைந்து உலர்ந்த காகிதம் அலை அலையாக மேடு பள்ளமாகும். அதன்மேல் குத்திய விபத்து முத்திரை மேட்டில் பதிந்து பள்ளத்தில் விட்டுப்போகும். தட்டையான காகிதத்தில் குத்தியதுபோல் எல்லா எழுத்தும் ஒரே கனமாக இருந்தால், முத்திரை முதலில், தண்ணீர் பிறகு.

தேதியும் திசையும்

இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். உறை எழுதிய ஊர், குத்திய தேதி, போகவேண்டிய ஊர், சேர்ந்த முத்திரையின் தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். பக்கத்தில் விமானம் கிளம்பிய நாள், விழுந்த நாள், போன திசை. 'சிட்டி ஆஃப் கார்ட்டூம்' பிரிட்டனிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து லண்டனுக்கு எழுதிய கடிதம் அதில் இருந்திருக்க வழியில்லை. டச்சு நிறுவனத்தின் 'ஊய்வர்' என்ற டி.சி.-2 விமானம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகும் வழியில் 1934 டிசம்பர் 20 அன்று இராக்கில் ருட்பா அருகே எரிந்தது. டிசம்பர் 21 தேதி குத்திய உறை அதற்குச் சொந்தமல்ல.

விமானம் அல்லாவிட்டாலும், போலிகள் மொய்க்கும் இடம் 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பல். அதிலிருந்த 17,000-க்கும் மேற்பட்ட கடிதங்களில் சில நூறே தப்பின. அது மே 3 அன்று பிராங்பர்ட்டில் கிளம்பியது. திரும்பும் பயணம் புறப்படவே இல்லை. அமெரிக்காவில் குத்தி ஐரோப்பாவுக்கு முகவரியிட்ட கருகிய உறை அந்தத் தீயில் எரிந்ததாக இருக்க முடியாது.

கடைசியாக அறையை இருட்டாக்கி டார்ச்சை அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் 1950 வாக்கில்தான் பரவியது. உறை நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் அது 1930-களின் காகிதமல்ல. மின்னாவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. பழைய வெற்று உறைகள் இன்றும் கிடைக்கின்றன.

பத்திரப்படுத்துவது

சிதைந்த கடிதத்தைத் தபால் நிலையம் வேறொரு அரசு உறைக்குள் போட்டு, விளக்கச் சீட்டு வைத்து, காகிதப் பட்டை ஒட்டி அனுப்பும். அந்த வெளி உறையும் சீட்டும் பட்டையும் உறையின் பாகங்கள்தான். அழுக்கு என்று பிரித்து எறிந்தால் சான்றில் பாதி போயிற்று.

கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ரப்பரால் கரியைத் தேய்க்காதீர்கள். செல்லோடேப் ஒரு துண்டுகூட வேண்டாம். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லாமினேஷன் செய்தால் திருப்பி எடுக்கவே முடியாது. பி.வி.சி. உறைகளின் மென்மையாக்கி மையை இழுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். அதற்குள் கடித உறைக்கு அடியில் அமிலமில்லாத தடித்த அட்டை, நான்கு பக்கமும் 10 மில்லிமீட்டர் கூடுதலாக. கருகியதை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள், மேலே எதையும் அடுக்காமல்.

வெப்பம் 18–20 டிகிரி, ஈரப்பதம் 45–50 விழுக்காடு. கடலில் நனைந்த காகிதத்தில் உப்பு தங்கியிருக்கும், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறி இறங்கும் அறையில் கறை மெதுவாகப் பரவும். அதற்குப் பயந்து சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் கருகிய உறைகள் மொறுமொறுவென்று உடையும். இரண்டு வகையையும் தனித்தனிப் பெட்டியில் வைப்பதே நல்லது.

வாங்கும் முன் இரு பக்கமும் 600 டி.பி.ஐ. ஸ்கேன் கேளுங்கள், விளிம்பு வெட்டாமல். பின்பக்கத்தைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம், சேர்ந்த முத்திரை அங்கேதான் இருக்கும். நீங்கள் கண்டதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி, அதே பெட்டியில் வேறு உறையில் வையுங்கள். உறையின்மேல் ஒரு புள்ளிகூட எழுதாதீர்கள்.