நின்றுபோன பழைய லாரியை எழுப்புவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய லாரி வாங்கியவர்களுக்கு முதல் நாளே இரண்டு காரியத்தில் கை துறுதுறுக்கும். ஒன்று, புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. இன்னொன்று, பெயின்டரிடம் நிறம் பேசுவது. இரண்டையும் தள்ளிப் போடுங்கள். ஓடித் தேய்ந்த வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். வருஷக் கணக்கில் புளியமரத்தடியில் நின்ற வண்டி வேறு கதை. வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே ஒவ்வொரு பாகமும் அது அது இருந்த இடத்தில் பிடித்துப் போயிருக்கும். முதல் வேலை அதை உடைக்காமல் விடுவிப்பது.

எந்த வண்டி?

முதல் வண்டி என்றால் டாடா போதும் என்பேன். டெல்கோவும் (டாடா லாரிக் கம்பெனியின் அந்நாள் பெயர்) ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து 1954-ல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கியது இந்தப் பரம்பரை. அதற்குப் பின் வந்த 1210 மாடலைக் கையால் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகள் இன்னும் நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளில் இருக்கிறார்கள். எண்ணூரிலிருந்து வந்த லேலண்ட் காமெட் அழகான வண்டி. ஆனால் பாகம் தேடி அலையத் தெம்பு வேண்டும். ஹிந்துஸ்தான் பெட்போர்டும் அப்படித்தான்.

பென்ஸ் ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. முகப்பில் பென்ஸ் சின்னமான மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் விற்பவர் விலையை ஏற்றித்தான் சொல்வார். கிரில் மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நட்சத்திரத்தை விடுங்கள், சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) குத்தியிருக்கும் நம்பரைத் தேய்த்துத் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காகித விஷயத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசை எண் தரும் விதி 2021-ல் வந்தது. அது சொந்த உபயோக இரு சக்கர வண்டிகளையும் கார்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சரக்கு லாரிக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு நம்புங்கள். அரசுத் துறை கழித்துவிட்ட தீயணைப்பு வண்டியில் சிக்கல் இன்னும் கூடுதல். 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளைப் பதிவு புதுப்பிக்காமல் உடைப்பு மையத்துக்கு அனுப்பும் விதி 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஏலத்தில் ஏற்கெனவே வெளியே போய்த் தனியார் கையில் நிற்கும் வண்டியைத் தேடுவதுதான் வழி.

படி 1: நிற்கிற இடத்திலேயே பாருங்கள்

கட்டி இழுத்து வருவதற்கு முன், வண்டி நிற்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒயர் போகும் வழி, பைப் வளைவு, எந்த போல்ட்டுக்கு எந்த வாஷர் எல்லாம் பதிவாகட்டும். கம்பெனி கையேடு இன்ஜினுக்கு உதவும், கேபினுக்கு உதவாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் கம்பெனி வெறும் சேசிஸையும் முகப்பையும்தான் கொடுக்கும். கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு மாதிரி ஊர்ப் பட்டறைகளில் ஆசாரி கட்டியது. உங்கள் வண்டிக்கு வரைபடம் உங்கள் போட்டோதான்.

அப்புறம், வண்டியை கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்து இன்ஜினைச் சுற்ற வைக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 2: இன்ஜினைக் கையால் சுற்றுங்கள்

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசல் கலந்த இன்ஜின் ஆயிலை இரண்டு ஸ்பூன் விடுங்கள். சில நாள் ஊறட்டும், நடுவில் இன்னும் கொஞ்சம் விடலாம். பிறகு முன்பக்க புல்லி நட்டில் நீளமான கைப்பிடி போட்டு மெதுவாக அழுத்துங்கள். ஒரு அங்குலம் நகர்ந்தால் பின்னால் ஒரு அங்குலம் விடுங்கள். முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் ரிங்குகளைப் பிரிக்க வேண்டும். ஒரே திருப்பில் சுற்ற வைத்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறும்.

இன்ஜின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியையும் கழற்றி வையுங்கள். வால்வு ஒன்று கைடில் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றால் இப்போதே தெரிந்துவிடும். செல்ப் மோட்டாரால் சுற்றியிருந்தால் வால்வைத் தள்ளும் புஷ் ராடு வளைந்த பிறகுதான் தெரியும்.

முழுச் சுற்று தாராளமாகச் சுற்றுகிறதா? சரி, இப்போது ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். நாசில் இல்லாமலேயே செல்ப் போட்டு, ஆயில் பிரஷர் முள் எழும் வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். சிலிண்டரில் ஊற்றிய ஆயில் நாசில் துளை வழியே பீய்ச்சி அடிக்கும், துணி போட்டு மூடி விலகி நில்லுங்கள். முள் எழாத இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: டீசல் வழி

டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். பழைய டீசல் அடியில் கறுப்புக் கூழாகியிருக்கும், அதன் கீழே தண்ணீரும் துருவும். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது போடுங்கள், பில்டர் இரண்டும் புதிது.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பீட் பம்ப்பைக் கையால் அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல், கடைசியில் குமிழி இல்லாத டீசல் வரும்போது இறுக்குங்கள். அதே வேலையை டீசல் பம்ப்பின் ஸ்க்ரூவிலும் செய்யுங்கள். நாசில் முனை பீய்ச்சும்போது கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டிய ஒன்றைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். நின்ற வண்டியில் டீசல் பம்ப்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற தண்டு முழு டீசல் கொடுக்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் பம்ப்பின் பக்க மூடியைத் திறந்து, ஸ்டாப் லீவரை இழுத்துவிட்டு ரேக் வழுக்கிக்கொண்டு போய் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிடித்திருந்தால் பம்ப் பட்டறைக்குப் போகட்டும். சரியாக இருந்தாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றி வைத்து, காற்று வாயை மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையோடு ஒருவர் நிற்கட்டும். காற்று இல்லாவிட்டால் எந்த டீசல் இன்ஜினும் நின்றுவிடும். கையாலோ துணியாலோ மூடப் போகாதீர்கள், இழுத்துவிடும்.

படி 4: ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

இன்ஜின் பேசிய சந்தோஷத்தில் ஒரு ரவுண்டு போய்வரத் தோன்றும். பிரேக் வேலை முடியும் வரை சக்கரங்களுக்குக் கட்டை போட்டே இருக்கட்டும்.

டிரம்மைக் கழற்றினால் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும், வீல் சிலிண்டர் ரப்பர் கல்லாகியிருக்கும். ரப்பர் மொத்தமும் மாற்ற வேண்டியதுதான், ஒன்றிரண்டை மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

அடுத்தது சக்கரம். பழைய லாரி டிஸ்கில் டயரைப் பிடித்து வைப்பது ஒரு லாக் ரிங். துருப்பிடித்த ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆள் பிழைப்பதே அபூர்வம். நட்டைத் தொடும் முன்பே வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்குங்கள். திரும்பக் காற்றடிப்பது இரும்புக் கூண்டு உள்ள டயர் கடையில் நடக்கட்டும். புதியவர்கள் தாங்களே செய்யக் கூடாத வேலை என்று இதில் ஒன்று உண்டென்றால் இதுதான். டயர் புதுசு மாதிரி பட்டன் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3409 என்றால் 2009-ன் 34-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தியது.

படி 5: கேபின், பெயின்ட்

இது சுருக்கமாகவே போதும். தகரத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள், மந்தமாகச் சத்தம் வரும் இடத்தில் துரு மேல் லப்பம் பூசியிருக்கிறார்கள். சுரண்டி எடுத்து, வெட்டி, புதுத் தகரம் வெல்டிங் செய்யுங்கள். கேபினுக்குள் மரச்சட்டம் மக்கியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், அது இல்லாமல் கதவு ஒழுங்காகச் சாத்தாது. பழைய பெயின்டைத் தேய்க்கும்போது அடியில் எழுதிய பழைய பெயரோ பெர்மிட் எழுத்தோ தெரிந்தால், தேய்ப்பதை நிறுத்திப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

தீயணைப்பு வண்டியானால்

பிரிட்டனில் 'கிரீன் காடஸ்' என்ற பச்சை நிற பெட்போர்டுகள் உண்டு. 1953 முதல் 1956 வரை, அணுகுண்டுப் போர் வந்தால் உதவட்டும் என்று கட்டியவை. அந்தப் போர் வரவில்லை. 1977-லும் 2002-லும் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தினர் இவற்றை ஓட்டினார்கள். மற்றபடி பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றவை. பிற்பாடு விற்றபோது ஆர்வலர்கள் வாங்கினார்கள். ஓடிய கிலோமீட்டர் குறைவுதான், ஆனால் நின்ற வண்டிக்குரிய கோளாறு எல்லாம் அதற்கும் பொருந்தும்.

எந்த ஊர் தீயணைப்பு வண்டியானாலும் லாரிக்கு மேல் கூடுதலாக இருப்பது பம்ப். தண்ணீர் இல்லாமல் அதைச் சுற்ற விடாதீர்கள், சீல் எரிந்துவிடும். கயிறு மாதிரி பேக்கிங் சுற்றிய பழைய பம்ப் என்றால், ஓடும்போது அந்த பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். அதை ஒழுகல் என்று நினைத்து இறுக்கினால் ஷாப்ட் சூடேறித் தேயும். வேலை முடிந்ததும் டிரெயின் காக்கைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, காக்கைத் திறந்தபடியே விடுங்கள். உப்புத் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ இழுத்திருந்தால் முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வைத்துக் காப்பது

மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் எல்லாம் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஐடிலிங் விட்டு நிறுத்துவது வண்டிக்குக் கெடுதல். உள்ளே ஈரம் கூடும், அது காயும் அளவுக்குச் சூடு வராது. திரும்பி வந்ததும் ஸ்பிரிங் பட்டை ஷாக்கிள், முன் சக்கரம் திரும்பும் கிங் பின் ஆகியவற்றின் கிரீஸ் நிப்பிள்களுக்குப் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை கிரீஸ் அடியுங்கள். ஏர் பிரேக் வண்டியானால் ஏர் டேங்கின் தண்ணீரை வடித்துவிடுங்கள். ரேடியேட்டரில் வெறும் போர்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்தே ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆப் சுவிட்ச் போட்டு, நிறுத்தும்போதெல்லாம் அணைத்து விடுங்கள். பழைய ஒயரிங்கில் எலி கடித்தால் பியூஸ் போகும் முன்பே புகை வந்துவிடும். டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு தீயணைப்பானும் இருக்கட்டும், தீயணைப்பு வண்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.