கார் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

காரின் ஏ.சி.யில் காற்று வந்தும் குளிர் வரவில்லை என்றால், "கேஸ் தீர்ந்திருக்கும், நிரப்பிவிடலாம்" என்ற யோசனைதான் முதலில் காதில் விழும். அதை உடனே ஏற்க வேண்டாம் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். ஏ.சி.யில் உள்ள வாயு பெட்ரோலைப்போல் செலவாகித் தீர்வதில்லை; வாயுவை அழுத்தும் கம்ப்ரசர், அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்ற மூடிய பாதைக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் குழாய்களின் வழியே மிக மெதுவாக நேரும் இழப்பைத் தவிர்த்துப் பார்த்தால், வாயு குறைந்திருக்கிறது என்பதற்கு எங்கோ கசிகிறது என்பதே பொருள். குறையாத வாயுவுக்கு மேல் இன்னும் நிரப்பினால் அழுத்தம் கூடி, இருக்கிற குளிரும் கெட்டுப்போகும்.

முதலில் குறையை அளந்துகொள்ளுங்கள். காரை நிழலில் நிறுத்தி, ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து, உட்காற்றுச் சுழற்சியை இயக்கி, டேஷ்போர்டின் நடுத் துவாரத்தில் ஒரு சிறிய வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். நல்ல நிலையில் உள்ள ஏ.சி. பெரும்பாலும் 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான காற்றைத் தரும். கடும் வெயிலிலும் ஈரப்பதம் மிகுந்த நாளிலும் சில டிகிரி கூடுவது இயல்பே. அளவோடு, குளிர் எப்போது குறைகிறது என்பதையும் கவனியுங்கள். எப்போதுமே குளிரவில்லையா, ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகிறதா, முதலில் நன்றாகக் குளிர்ந்து பிறகு காற்றே குறைந்துவிடுகிறதா, ஒரு பக்கத் துவாரம் மட்டும் சூடாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தாலே பாதிக் காரணங்கள் விலகிவிடும்.

காற்றின் வேகமே குறைவு என்றால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தூசியும் இலைத் துணுக்குகளும் அடைத்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

காற்றின் வேகம் சரியாக இருந்தும் குளிர் இல்லையென்றால், பானட்டைத் திறந்து ஓர் எளிய சோதனையைச் செய்யலாம். ஏ.சி. சில நிமிடம் ஓடியபின் இன்ஜினை நிறுத்திவிட்டு, கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று, மேலே நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றால், வாயுவின் பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியிருந்தும் உள்ளே சூடான காற்று வருகிறது என்றால், சூட்டையும் குளிரையும் கலக்கும் தகட்டுக் கதவோ அதைத் திருப்பும் சிறு மோட்டாரோ சிக்கியிருக்கலாம். வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் டக் டக்கென்று சத்தம் கேட்பதும், ஒரு பக்கம் மட்டும் சூடாக வருவதும் இதற்கான அடையாளங்கள். இந்தக் கோளாறுக்கு எவ்வளவு கேஸ் நிரப்பினாலும் பயன் இருக்காது.

குழாய் குளிரவே இல்லையென்றால், இன்ஜினை மீண்டும் இயக்கி அடுத்து கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். தொளதொளப்பான சட்டைக் கையையும் நீண்ட முடியையும் கட்டிக்கொண்டு, கையை எட்ட வைத்தே பாருங்கள். ஃபேன் எந்த நேரமும் ஓடத் தொடங்கும். கம்ப்ரசரைப் புல்லியோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச் உள்ள கம்ப்ரசரில் பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும், ஆனால் அதன் முன்னால் நடுவில் உள்ள தட்டு ஏ.சி. போட்டதும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்ட பிறகே சுற்றும். தட்டு அசையாமல் நின்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி போன்ற சுவிட்ச்) மாற்றிச் செருகிப் பாருங்கள். கிளட்சின் கனெக்டருக்கு 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லையென்றால் கிளட்ச் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். மின்சாரமே வரவில்லையென்றால், வாயுவின் அழுத்தம் சரியில்லாதபோது கம்ப்ரசரை நிறுத்தும் அழுத்த சுவிட்ச், கூலிங் காயிலின் வெப்ப சென்சார், இன்ஜின் சூடேறியதால் கட்டுப்பாட்டுக் கணினி தானே ஏ.சி.யைத் துண்டித்திருப்பது ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். கிளட்சே இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு. அவற்றில் தட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரின் உதவி வேண்டும்.

அழுத்த சுவிட்சை ஒரு வயர் துண்டால் இணைத்து கம்ப்ரசரைக் கட்டாயமாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்ப்ரசருக்கான எண்ணெய் வாயுவோடு கலந்தேதான் சுற்றி வருகிறது. வாயு இல்லாதபோது எண்ணெயும் வந்து சேராது, கம்ப்ரசர் உலர்ந்து ஓடிப் பிடித்துக்கொள்ளும். அப்போது உதிரும் உலோகத் துகள்கள் கண்டென்சர் வரை பரவுவதால், சிறிய பழுதாக முடிந்திருக்க வேண்டியது ஏ.சி. முழுவதையும் மாற்றும் வேலையாகிவிடும்.

ஓடும்போது குளிர்ந்து நின்றால் சூடாகும் கார்களில் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன்மீது விழ வேண்டும். ஏ.சி. போட்டுச் சிறிது நேரத்திலேயே அது ஓட வேண்டும். கண்டென்சரின் மெல்லிய இதழ்களுக்கிடையே சேறும் பூச்சிகளும் அடைத்திருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் மென்மையாகக் கழுவுங்கள்; வேகமான தண்ணீர்ப் பீய்ச்சல் இதழ்களை மடக்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் அழுத்தமானியைக் கையில் எடுக்க வேண்டும். ஆர்-134ஏ என்ற வகை வாயு உள்ள காரில் இன்ஜின் நின்று ஆறிய நிலையில், 30 டிகிரி வெப்பத்தில் தாழ்வழுத்தம், உயரழுத்தம் என்ற இரு பக்கமும் ஏறத்தாழ 95 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும். இந்த எண்ணை வைத்து வாயுவின் அளவு சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது. உள்ளே சிறிது திரவம் மிஞ்சியிருந்தாலும் அதே அழுத்தம்தான் இருக்கும். எண் மிகவும் தாழ்ந்திருந்தால் வாயு ஏறக்குறையக் காலி என்பது மட்டும் உறுதி. ஓடும் நிலையில் தாழ்வழுத்தப் பக்கம் 25 முதல் 45, உயரழுத்தப் பக்கம் 150 முதல் 250 பி.எஸ்.ஐ. என்பது பொதுவான வரம்பு. வெளிவெப்பம் கூடக்கூட உயரழுத்தமும் ஏறும். இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயு குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் வாயு மிகுதி, உள்ளே புகுந்த காற்று, அல்லது கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்ற முடியாத நிலை. தாழ்வழுத்தம் மிகவும் இறங்கி, பாதையில் ஓரிடத்தில் மட்டும் பனி படிந்தால் அங்கே அடைப்பு இருக்கிறது. தாழ்வழுத்தம் ஏறியும் உயரழுத்தம் இறங்கியும் இருந்தால் கம்ப்ரசரின் அழுத்தும் திறன் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாயு குறைவு என்று உறுதியானால் கசிவைத் தேடுங்கள். எண்ணெயும் சேர்ந்தே வெளியேறுவதால், கசியும் இடத்தில் தூசி ஒட்டிய கறுத்த பிசுக்கு தெரியும். குழாய் இணைப்புகள், கல் தெறிக்கும் கண்டென்சர் முகப்பு, கம்ப்ரசரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் வால்வின் மூடிக்கு அடிப்பகுதி ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூலிங் காயில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அதற்கு மின்னணுக் கசிவறி கருவி தேவைப்படும். கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எக்ஸ்பான்ஷன் வால்வையும் பணிமனையின் கருவிகளையும் அடைத்துவிடக்கூடும்.

கசிந்த பகுதியை மாற்றி, வாயுவை நிரப்பும் வேலையைப் பணிமனையிடம் விடுவதே சரி. ஆர்-134ஏ சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பதால் தோலையும் கண்ணையும் உறைய வைக்கும். புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் என்பதால் அதைக் காற்றில் திறந்துவிடவும் கூடாது. புதிய கார்கள் பலவற்றில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது. இரண்டையும் கலக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றினார்களா, வேக்கம் (பாதைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவது) குறைந்தது அரை மணி நேரம் போட்டு அந்த வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்தார்களா, பானட்டுக்குள் ஒட்டியுள்ள லேபிளில் சொன்ன கிராம் அளவுக்கு எடை வைத்து நிரப்பினார்களா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிரப்பும்போதே புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். சில மாதங்களில் மீண்டும் குளிர் குறைந்தால், கசியும் இடத்தை அந்தச் சாயம் காட்டிக்கொடுக்கும்.